நின்றுபோன ஸ்லாட் மெஷினுக்கு முதல் வைத்தியம் பெயிண்ட் அல்ல

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ பக்கம் இருக்கிறோம். எங்கள் தெருவில் இருந்த பெரியவர் ஒருவர் காலமான பிறகு அவர் பிள்ளைகள் வீட்டுச் சாமான்களையெல்லாம் எஸ்டேட் சேலில் விற்றார்கள். அங்கே ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்லாட் மெஷினை வாங்கிவிட்டேன். மில்ஸ் கம்பெனி. முகப்பில் சிறகு விரித்த கழுகு, ஐந்து சென்ட் காசு போடுவது. சாவி இல்லை. கைப்பிடி பாதி வழியில் நிற்கிறது, கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. ஒரு கடைக்காரர், "பெயிண்டை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக அடித்து, குரோம் பூசி, புத்தம் புதுசாகத் தருகிறேன்" என்கிறார். அவர் கேட்கும் கூலி, நான் மெஷினுக்குக் கொடுத்ததைவிட அதிகம். டபிள்யூ டி-40 என்ற எண்ணெய் ஸ்பிரேயை அடித்துப் பார்க்கலாம் என்பது என் கணவர் யோசனை. மாமியாரோ, சூதாட்டப் பெட்டி வீட்டுக்கு ஆகாது என்கிறார். இதை வைத்துக்கொள்வது சட்டப்படி சரியா? நானே சரிசெய்ய முடியுமா? தையல் மெஷினைப் பிரித்து மாட்டிப் பழக்கம் உண்டு. (ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்த டபிள்யூ டி-40 டப்பாவை வீட்டுக்காரர் கையிலிருந்து வாங்கி வையுங்கள். அப்புறம் கடைக்காரரிடம், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டையும் செய்துவிட்டால் மெஷின் பாதி பிழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது 'வார் ஈகிள்'. சிகாகோவில் இருந்த மில்ஸ் நாவல்டி கம்பெனி 1931இல் கொண்டுவந்த மாடல். அதே வருடம் மார்ச் மாதம்தான் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. மற்ற இடங்களில் நிலைமை வேறு. 1934இல் நியூயார்க் மேயர் லா கார்டியா சம்மட்டியை எடுத்துத் தன் கையாலேயே இந்த மெஷின்களை உடைத்தார். உடைத்ததைக் கடலில் கொட்டினார்கள். ஊர் ஊராகப் போலீஸ்காரர்களும் பிடித்து நொறுக்கினார்கள். அதிலெல்லாம் தப்பித்து, யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் பல வருடம் கிடந்து, இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்று சொல்கிறேன்.

பழைய மெஷின்களைப் பழுது பார்க்கும் இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: இந்த மெஷின்களில் பெரும்பாலானவை உடைந்து நிற்பதில்லை, எண்ணெய் இறுகி நிற்கின்றன. பல வருடங்களாக ஒவ்வொருவரும் வந்து விட்ட எண்ணெய் தூசியோடு சேர்ந்து பழுப்பு நிறப் பிசினாகிவிடும். அதன் மேல் இன்னொரு திரவத்தை அடித்தால் கொஞ்ச நாள் ஓடுகிற மாதிரி இருக்கும். பிறகு அதுவும் காய்ந்து முன்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, பீய்ச்சியடித்த திரவம் ரீலில் (படங்களோடு சுழலும் உருளை) ஒட்டியிருக்கும் காகிதத்தில் பட்டால் பழப் படங்களெல்லாம் கறையாகிவிடும். அந்தக் கறை போகவே போகாது.

கைப்பிடி பாதியில் நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கைப்பிடியோடு ஒரு பல்வரிசையும் கொக்கியும் உண்டு. முழுசாக இழுத்து முடிக்காமல் கைப்பிடியைத் திரும்ப விடக்கூடாது என்பதற்காகவே அதை வைத்தார்கள். பாதி இழுத்து, விட்டு, மறுபடி பாதி இழுத்து ஏமாற்றுகிறவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். ஆகவே உள்ளே எங்கேயோ ஒன்று இறுகிக்கிடக்கிறது, கைப்பிடியால் முன்னேற முடியவில்லை, கொக்கியும் பின்னால் விடமாட்டேன் என்கிறது. இந்த நிலையில் பலத்தைக் காட்டி இழுத்தால் உடையப் போவது பிசின் அல்ல, ஏதாவது ஒரு வார்ப்புப் பாகம்தான். யாரும் கைப்பிடியைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

சாவி இல்லையே என்று பூட்டை டிரில் போட்டுத் துளைக்கவும் வேண்டாம். பழைய பூட்டுகளில் பழக்கமுள்ள பூட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டால் திறந்து, அதே பூட்டுக்குச் சாவியும் செய்து தருவார். பின்கதவு திறந்ததும் ஒன்றையும் கழற்றாமல் முதலில் போட்டோ எடுங்கள். நேராக, சாய்வாக, மேலிருந்து, டார்ச் அடித்து. எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். மெஷின் மொத்தம் 40 கிலோவை ஒட்டி இருக்கும், அதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் இரும்பு இயக்கம்தான். அடிப்பலகையில் ஒரு பிடிப்பு இருக்கும். அதை விடுவித்தால் இயக்கம் முழுவதும் பின்பக்கமாக இழுப்பறைபோல் வழுக்கிக்கொண்டு வரும். கைப்பிடி பாதியில் நிற்கும்போது மட்டும் வலிந்து இழுக்காதீர்கள். முதலில் மேலே இருக்கும் காசுப் பாதையைப் பாருங்கள். வரிசையாகக் காசுகளைக் காட்டிக்கொண்டு நகருமே, அந்த எஸ்கலேட்டரில் வளைந்த காசு ஒன்று சிக்கியிருக்கக்கூடும். கடைசியாகப் போட்ட காசுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், யாராவது செல்லாக் காசு போட்டால் அந்தக் காலத்தில் மெஷினை வைத்திருந்த கடைக்காரர் பார்த்துவிட வேண்டும், அதற்குத்தான் அந்தக் கண்ணாடியே. சிக்கலுக்கு மூலகாரணம் பலமுறை அங்கேயே இருக்கும்.

அங்கே இல்லையென்றால் கடிகாரம். இந்தத் தொழிலில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்: சின்னப் பல்சக்கரங்களும், கடைசியில் காற்றை வெட்டிச் சுழலும் ஒரு குட்டி விசிறியும் கொண்ட பாகம். மணி காட்டாது, நேரத்தை மட்டும் அளந்து கொடுக்கும். கைப்பிடியை முழுசாக இழுத்ததும் ஸ்பிரிங்குகள் மூன்று ரீல்களையும் உதைத்துச் சுழற்றிவிடும். அதே நேரத்தில் கடிகாரமும் ஓட ஆரம்பிக்கும். ஓடும்போதே தடைக்கம்பியை விழவைத்து முதல் ரீலை நிறுத்தும், ஒரு நொடிபோல் பொறுத்து இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. டக், டக், டக் என்று வருகிற அந்தச் சத்தம் கடிகாரம் போடும் தாளம். கடைசியாகப் பரிசுக் காசு விழும் பகுதியையும் அதுதான் விடுவிக்கிறது. விசிறியின் அச்சில் கடுகளவு பிசின் இருந்தால் போதும், எல்லாம் நின்றுபோகும். ரீல் நிற்காமல் சுற்றுவது, மூன்றும் ஒரே நேரத்தில் விழுவது, கைப்பிடி நடுவில் நிற்பது என்று தனித்தனி நோய் மாதிரி தெரிபவை பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில் இருந்துதான் வருகின்றன.

இந்தக் கடிகாரத்துக்கு ஒரு கதை உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1940களின் இறுதியில் சிலர் அதன் நேரம் மாறாமல் ஒரே சீராக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ரீல் நின்ற இடத்தைப் பார்த்து, மனசுக்குள் எண்ணி, சரியான கணத்தில் அடுத்த முறை இழுத்தால் வேண்டிய படத்தை வரவைக்க முடிந்தது. நெவாடா சூதாட்ட விடுதிகள் நிறையப் பணத்தை இழந்தன. பிறகுதான் கடிகாரத்தின் வேகத்தை ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் மாற்றிவிடுகிற ஒரு துணைக்கருவியைப் பொருத்தினார்கள். உங்கள் 1931 மாடலில் அது இருந்தால், அந்தக் காலகட்டத்துக்குப் பிறகும் எங்கோ காசு விழுங்கிக்கொண்டிருந்த மெஷின் என்று அர்த்தம். அது பழுதென்று நினைத்துக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

கடிகாரத்தைத் தனியாகக் கழற்றி, மினரல் ஸ்பிரிட்டில் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேயுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. அச்சுத் துளைகளை மரக் குச்சியைக் கூராக்கிச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். குச்சி கறுப்பாக வருவது நிற்கும்வரை விடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு அச்சிலும் ஊசிமுனையில் தொட்டு ஒரு துளி கடிகார எண்ணெய், அவ்வளவுதான். பற்களுக்கு எண்ணெய் வேண்டாம். விசிறியை விரலால் தள்ளிவிட்டால் தயங்காமல் சுற்றி, மெல்லிய ரீங்காரத்தோடு நிற்க வேண்டும். மற்ற நெம்புகோல் அச்சுகளுக்கு உங்கள் வீட்டில் இருக்கும் தையல் மெஷின் எண்ணெயே போதும், அதுவும் ஒரு துளி. தேய்ந்து உரசும் இடங்களில் கொஞ்சம் கிரீஸ். காசு போகும் வழியிலும், காசு விழும் தகடுகளிலும் எண்ணெயே படக்கூடாது. அங்கே உலர்ந்த சுத்தம்தான் வேண்டும்.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது போலிருக்கிறதே, கொஞ்சம் வெட்டி மாட்டலாமா, இந்தக் கம்பி வளைந்திருக்கிறதே, நிமிர்த்தலாமா என்று வழியில் தோன்றும். வேண்டாம். முழுக்கச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்க்கும்வரை எதையும் வளைக்காதீர்கள். வளைந்திருப்பதாகத் தெரிவது பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்தது. என் மேசைக்கு வருகிற மிகச் சிக்கலான மெஷின்கள் எல்லாம், பிசினால் நின்றதை வளைவால் நின்றது என்று நினைத்து யாரோ சரிசெய்யப் போனவை.

ரீல்களுக்கு வரும்போது டார்ச்சைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரீலின் பக்கவாட்டிலும் 20 பள்ளங்கள் கொண்ட ஒரு சக்கரம் இருக்கும். தடைக்கம்பி விழுந்து ரீலை நிறுத்தும் இடம் அது. அந்தப் பள்ளம் ஏதாவது ஒன்றில் நகத்தளவு பிறைவடிவத் தகடு ஒன்றை யாராவது பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், ரீல் அந்தப் படத்தில் நிற்கவே நிற்காது. ஜாக்பாட் படம் வரவே கூடாது என்று மெஷினை வைத்திருந்தவர் செய்த திருட்டு வேலை. விளையாட வந்தவர் கண்ணாடிக்கு வெளியே நின்று, 'பார்' (BAR) என்று எழுதிய ஜாக்பாட் படம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே காசு போட்டிருப்பார். அது நடு வரிசையில் நிற்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அப்படி ஒன்று கிடைத்தால் கழற்றி, ஒரு சின்ன உறையில் போட்டு, எந்த ரீலில் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அதுவும் மெஷினின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

ரீல் காகிதங்களையும் பரிசு அட்டையையும் தண்ணீரோ ஸ்பிரிட்டோ படாமல், உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். புதிதாக அச்சடித்தவை விலைக்குக் கிடைக்கின்றன. கிழிந்து தொங்கினால் தவிர மாற்றாதீர்கள், மாற்றினாலும் பழையதைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் பரிசு மட்டும் விழவில்லை என்று அடுத்து எழுதுவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் நிற்கும் காசுக் குழாயைப் பாருங்கள். காலியாக இருந்தால் எதைக் கொடுக்கும்? பேங்கில் நிக்கல் (ஐந்து சென்ட்) காசுச் சுருள் இரண்டு வாங்கி (ஒரு சுருளில் 40 காசு, இரண்டு டாலர்) குழாயில் அடுக்குங்கள். நசுங்கிய காசு, பிசுபிசுப்பான காசு ஒன்றும் உள்ளே போகக்கூடாது. பிறகு ரீல்களைக் கையால் திருப்பி ஒவ்வொரு பரிசுச் சேர்க்கையையும் வரவழைத்து, அட்டையில் உள்ளபடி விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ரீலோடு சேர்ந்த தட்டுகளில் துளைகள் இருக்கும். மெஷினின் விரல்கள் அவற்றைத் தடவிப் பார்த்துத்தான் எத்தனை காசு என்று தீர்மானிக்கின்றன. அட்டை ஒன்று சொல்லி மெஷின் வேறு கொடுத்தால், ரீலையோ அட்டையையோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

இனி பெயிண்ட். கடைக்காரர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. அவர் செய்யும் வேலைக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் முழுக்க உதிர்ந்தோ, ஏற்கெனவே யாரோ இரண்டு மூன்று தடவை கண்டபடி அடித்தோ இருந்தால் நானும் புதுப்பிக்கத்தான் சொல்வேன். ஆனால் 1931இல் சிகாகோவில் பூசிய பெயிண்ட் கழுகின் சிறகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுரண்ட யாருக்கும் மனசு வரக்கூடாது. காசு போடும் இடத்தைச் சுற்றி, காசு விழும் கிண்ணத்தின் உதட்டில், கைப்பிடிக் குமிழில் பெயிண்ட்டோ முலாமோ தேய்ந்திருக்கும். எத்தனையோ பேர் கைபட்டுத் தேய்ந்தது அது. போனால் திரும்ப வராது. சேகரிப்பவர்களும் பழைய பூச்சுக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். ஈரத்துணியில் மிதமான சோப்பு, யாரும் பார்க்காத மூலையில் முதலில் சோதனை, காய்ந்ததும் மெல்லிய மெழுகு. அது போதும். உப்புத்தாள் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூள் பறக்கவே கூடாது.

அதற்கு முன் அது அசல்தானா என்றும் பார்த்துவிட வேண்டும். வார் ஈகிள் முகப்பைப் பின்னாளில் பலர் நகல் வார்த்து விற்றிருக்கிறார்கள். நகலில் இறகுகளின் கோடுகள் மழுங்கியிருக்கும், பெயிண்ட் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்கும், தேய வேண்டிய இடத்தில் தேய்ந்திருக்காது. ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். கூட்டல் குறி வெட்டுள்ள ஸ்டார் ஸ்க்ரூ 1930களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1931 மெஷினில் ஒற்றை வெட்டு ஸ்க்ரூதான் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள், அதில் தப்பில்லை. முகப்பு முழுக்க அதுவாக இருந்தால் யோசிக்க வேண்டும். பழைய இயக்கத்தைப் புது முகப்பில் பொருத்தியதும் உண்டு. அப்படியிருந்தாலும் உள்ளே இருப்பது அசல் மில்ஸ் என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை, விலையில் மட்டும் வித்தியாசம் வரும்.

சட்டத்தைக் கேட்டீர்கள். கலிபோர்னியாவில் 25 வருடத்தைத் தாண்டிய மெஷினை, சூதாட்டத்துக்குப் பயன்படுத்தாத வரை, வீட்டில் வைத்துக்கொள்ளலாம். உங்களுடையது அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் விருந்துக்கு வந்தவர்கள் தங்கள் காசைப் போட்டு, விழுந்ததை எடுத்துக்கொண்டு போவது கூடாது. மெஷின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வீட்டுக் காசை வையுங்கள். எல்லாரும் அதில் எடுத்துப் போடட்டும், விழுந்தது கிண்ணத்துக்கே திரும்பட்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் மட்டும் அங்குள்ள சட்டத்தை முன்கூட்டியே பாருங்கள். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வயதுக் கணக்கு வைத்திருக்கிறது, ஹவாய் மாதிரி எவ்வளவு பழையதானாலும் கூடாது என்கிற இடமும் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதற்கும் 1951இல் வந்த, மத்திய அரசின் ஜான்சன் சட்டம் குறுக்கே நிற்கலாம். அந்தச் சட்டத்துக்கு ஒரு வேடிக்கையான விளைவும் உண்டு. ஹவாயில் இருந்துகொண்டு ராணுவ முகாம்களுக்கு ஸ்லாட் மெஷின் விற்றுவந்த ஒரு கூட்டம் அதற்குப் பிறகு ஜப்பானில் கடைவிரித்தது. 'சர்வீஸ் கேம்ஸ்' என்ற அவர்கள் பெயரின் சுருக்கம்தான் செகா. உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வீடியோ கேமாகத்தான் தெரிந்திருக்கும்.

மாமியார் சொல்வதை நான் தள்ளமாட்டேன். அவர் பயப்படுவது நியாயம். இந்த மெஷின்கள் எத்தனையோ குடும்பத்துக் கூலிப்பணத்தைத் தின்றிருக்கின்றன. அவரையே பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கணக்குப் போடுங்கள், பிள்ளைகளும் இருக்கட்டும். ஒரு ரீலில் 20 படம். மூன்று ரீலுக்கு 20 × 20 × 20, ஆக மொத்தம் 8000 சேர்க்கைகள். ஒவ்வொரு ரீலிலும் 'பார்' எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று இருந்தால் மூன்று பார் சேருவது 8000இல் ஒரே ஒரு முறை. எலுமிச்சை மூன்று சேர்ந்தாலும் பரிசே கிடையாது. சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே உருவாக்கிய லிபர்ட்டி பெல் மெஷினில் ரீலுக்குப் பத்தே இடம்தான், அதாவது 1000 சேர்க்கைகள். பின்னால் வந்தவர்கள் இடத்தை இரட்டிப்பாக்கினார்கள், ரீலுக்கு ஒன்றே இருக்கும் படம் மூன்றும் சேருவது எட்டு மடங்கு அரிதாகப் போனது. பழப்படங்கள் ஏன் என்று சின்னவர்கள் கேட்பார்கள்: சட்டத்துக்குப் பயந்து, 'நாங்கள் சூதாட்டம் நடத்தவில்லை, பழ ருசியில் சூயிங்கம் விற்கிறோம்' என்று காட்டிக்கொண்ட காலத்தின் மிச்சம் அவை. மெஷினைத் திறந்துவைத்து இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தபின், எந்தப் பிள்ளைக்கும் அதில் சொந்தக் காசைப் போட ஆசை வராது என்று நம்புகிறேன். அதற்குப் பிறகும் மாமியாருக்குச் சமாதானம் ஆகவில்லையென்றால் நடுக்கூடத்தில் வைக்காமல் உங்கள் தையல் அறையில் வையுங்கள்.

உங்களால் முடியுமா என்ற கேள்விக்கு: முடியும். தையல் மெஷினில் நூல் இழுப்பு சரியில்லாதபோது எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்த கைக்கு இந்த வேலை புதிதல்ல, பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். கடிகாரத்தைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகும் கைப்பிடி அசையவில்லை, எஸ்கலேட்டரிலும் காசு சிக்கவில்லை என்றால், கைப்பிடிக் கொக்கியிலோ பெரிய ஸ்பிரிங்கிலோ கோளாறு. இழுபட்ட நிலையில் இருக்கும் அந்த ஸ்பிரிங் விரலைப் பதம் பார்த்துவிடும். அங்கே கைவைக்காதீர்கள்.

அப்படி நேர்ந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். பின்கதவு திறந்த நிலையில் முழு இயக்கம் ஒரு படம், கடிகாரம் கிட்டத்தில் ஒரு படம், கைப்பிடிப் பக்கத்துப் பல்வரிசையில் கொக்கி எந்தப் பல்லில் நிற்கிறது என்று தெரியும்படி ஒரு படம், இந்த மூன்றையும் சேர்த்து அனுப்பினால் அடுத்து என்ன செய்வது என்று சொல்லிவிடலாம்.